வெள்ளைக் குட்டி யாருக்கு

ஏப்ரல் 12, சனி

விடியும்போதே வியர்வை. மொட்டை மாடித் தரையில் நேற்றைய சூடு இன்னும் இறங்கவில்லை. குட்டிகளைக் கொஞ்ச நேரம் மட்டும் மேலே விட்டேன். சொரசொர சிமென்ட், சாக்கு, பழைய கோரைப்பாய், மூன்றிலும் நடக்க வேண்டும். இப்போது கால் பழகாவிட்டால் போகிற வீட்டில் டைல்ஸைப் பார்த்தே நடுங்கும்.

ஐந்து குட்டிகள். அடையாளத்துக்குக் கழுத்தில் கம்பளி நூல்.
சிவப்பு: ரவுடி. என் ஆபீஸ் செருப்பு காலி.
பச்சை: சோறு ஒன்றே குறி.
மஞ்சள்: பயந்தாங்கொள்ளி. மடியில் ஏறிவிட்டால் இறங்காது.
நீலம்: நான் போகிற இடமெல்லாம் பின்னாலேயே. பாத்ரூம் வாசலிலும்.
வெள்ளை: நூல் வேண்டாம், தெருமுனையிலிருந்தே தெரியும். உடம்பு முழுக்க வெள்ளை, ஒரு கண் நீலம். சத்தமே இல்லாத குட்டி. ஊரே இதைத்தான் கேட்கிறது.

தாய் சேமியா பாதி உடம்பாகிவிட்டாள். பெயர் மகள் வைத்தது, முடி அப்படிச் சுருண்டிருப்பதால். மகள் கோவை ஹாஸ்டலில் உட்கார்ந்துகொண்டு "அம்மா, வீடியோ கால்" என்கிறாள். மூத்திரம் துடைக்க வீடியோ காலில் வர முடியாதே.

இவருக்கு என்ன. இன்சூரன்ஸ் ஏஜென்ட். பார்க்கிறவருக்கெல்லாம் பாலிசியோடு ஒரு குட்டியும் வாக்குக் கொடுத்துவிட்டு வருகிறார். "டூடுல் சார். பூடுலும் ரெட்ரீவரும் கலந்தது. முடி கொட்டாது, நாத்தம் வராது, வீட்டுல ஒரு புள்ள மாதிரி." இவர் ஒரு நாளாவது சீப்பைக் கையில் எடுத்திருப்பாரா?

இன்றைக்கு வந்த போன்கள்:
"முடியே கொட்டாதாமே?" கொட்டாது. சிக்குப் பிடிக்கும். தினமும் சீவாவிட்டால் காதுக்குப் பின்னால் தேங்காய் நார் மாதிரி திரண்டுவிடும், அதற்குள் உண்ணி குடியிருக்கும்.
"குளிப்பாட்டவே வேணாமாம்ல?" யார் சொன்னது?
"எப்பவும் இதே சைஸ்லதான இருக்கும்?" போனை வைத்துவிட்டேன்.
"வெள்ளை மட்டும்தேன் வேணும்." பெயர்கூடச் சொல்லவில்லை அந்த ஆள்.

சேமியாவைக் குட்டி போட விட வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னேன். காளவாசலில் யாரோ ஒருவரிடம் சேமியாவின் இதே கலரில், சாம்பலும் கறுப்பும் திட்டுத்திட்டான பளிங்குக் கலரில், ஆண் டூடுல் இருக்கிறதாம். போட்டோவை இவர் குடும்ப குரூப்பில் போட்டார். "ரெண்டும் ஒரே கலர். ஜோடிப் பொருத்தம் எப்படி!" ரிசப்ஷனுக்குப் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மேட்சிங் எடுக்கிற மாதிரி நாய்க்கும் எடுத்தாகிவிட்டது. நான் டியூட்டிக்குப் போயிருந்த நாளில் கிராஸ் விட்டுக் கூட்டிவந்தார். கேட்டதற்கு "சர்ப்ரைஸ்".

பூச்சி மருந்து, இரண்டாம் தவணை. வாங்கணும். பழைய பேப்பர். டெட்டால்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. லேப் லீவு. ரத்தம் எடுக்காத ஒரு நாள் நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால், காலையிலேயே சமயநல்லூரிலிருந்து மதினி. இவருடைய அக்கா. கூடவே அண்ணன், அதாவது மதினி வீட்டுக்காரர். நல்ல நாளில் குட்டியைப் பார்த்து வைக்க வேண்டுமாம்.

மதினிக்குக் குட்டி தருவதில் எனக்கு வருத்தமே கிடையாது. இரண்டு பையன்களும் துபாய். அண்ணன் நாள் முழுக்க ஹாலோபிளாக் கம்பெனியில். கம்பெனி என்றால் வீட்டு வாசலேதான், ஆனாலும் சாப்பிட மட்டும்தான் உள்ளே வருவார். "பேச்சுத் துணைக்கு ஒரு ஜீவன் வேணும்டா தம்பி" என்று மதினி போன மாதமே இவரிடம் கேட்டார். நீலத்தைத்தான் மதினிக்கென்று மனதில் வைத்திருந்தேன். ஆளை விட்டு நகராது, அடுப்படி வாசலில் படுத்துக்கொண்டு முகத்தையே பார்க்கும்.

நான் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மதினி என் அடுப்படிக்குள் போய்ப் பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்துவந்தார். குட்டிகள் ஹாலில். பின்பக்கமாகப் போய் நின்று, தலை உயரத்திலிருந்து போட்டார். தெருவே எட்டிப் பார்த்திருக்கும்.

சிவப்பு கட்டிலுக்கு அடியில். மஞ்சள் நின்ற இடத்திலேயே மூத்திரம். பச்சை ஊளை. நீலம் ஓடிப்போய், திரும்பி வந்து, தாம்பாளத்தை மோந்து பார்த்தது. வெள்ளை மட்டும் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாக்கு நூலைக் கடித்துக்கொண்டிருந்தது. திரும்பவே இல்லை.

"பாத்தியா! இதுதேன் நாய். இடி விழுந்தாலும் அசையாது. எங்கய்யா இப்பிடித்தேன் தட்டப் போட்டுப் பாத்துக் குட்டி எடுப்பாரு."

இவருக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்கய்யா எடுத்த நாய் ஒண்ணுகூடச் சோடை போனதில்ல."

நான் சொன்னேன், பயப்படுவது தப்பில்லை மதினி, பயந்து ஓடினாலும் திரும்பி வந்து என்னவென்று பார்க்கிற குட்டிதான் வீட்டுக்கு ஏற்றது, நீலத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று.

"நீ ரத்தம் எடுக்குறவ. நாயப் பத்தி உனக்கு என்னத்தா தெரியும்?"

அண்ணன் பாயசத்தை ஊதி ஊதிக் குடித்தார். அடுத்த திங்கள் வந்து எடுத்துக்கொள்கிறார்களாம். ஆறு வாரமாக மூத்திரம் துடைத்தவள் நான், நாயைப் பற்றித் தெரிந்தவர் தாம்பாளம் போட்டவர். தாம்பாளத்தில் ஒரு பக்கம் நெளிந்துவிட்டது.

ஏப்ரல் 16, புதன்

எழுதவே கை வரவில்லை.

மதியம் டியூட்டி முடிந்து வந்து பால் கிண்ணத்தைத் தரையில் தட்டினேன். தினம் செய்வதுதான். நான்கும் பறந்து வந்தன. வெள்ளை வரவில்லை. வாஷிங் மெஷின் பக்கத்தில் தனியாகப் படுத்திருந்தது. இத்தனை நாள் ஐந்தும் குவியலாகத்தான் தூங்கும், ஒன்று எழுந்தால் ஐந்தும் எழும். இன்றைக்குத்தான் தனியாகப் படுத்திருக்கிறது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கை தட்டினேன். கிண்ணத்தைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தட்டினேன். குக்கர் விசில் வந்தது. மிக்ஸியை வெறுமனே ஓடவிட்டேன். வயிறு ஏறி இறங்குகிறது. காது நுனிகூட ஆடவில்லை.

விலாவில் விரலை வைத்தேன். தூக்கிவாரிப் போட்டு எழுந்து விரலைக் கவ்வியது. அப்புறம் என்னைப் பார்த்ததும் கவ்விய விரலையே நக்கியது.

அமைதியான குட்டியாம். இடி விழுந்தாலும் அசையாதாம். அடப்பாவிகளா.

நான்தான் தினமும் பழகட்டும் என்று மிக்ஸி ஓட்டுகிறேன், ரேடியோ வைக்கிறேன். எது திடுக்கிட்டது என்று எண்ணினேனே தவிர, எது திடுக்கிடவில்லை என்று பார்க்கவே இல்லை.

ஏப்ரல் 17, வியாழன்

அனல் காற்று. குட்டியைக் கட்டைப்பையில் ஈரத் துண்டு போட்டு உட்காரவைத்து, பக்கத்துத் தெரு கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். முன்னால் மூன்று நாய், ஒரு பூனை, சண்டைச் சேவல் ஒன்று. சேவல்காரர்: "பொம்மை மாதிரி இருக்கேம்மா, எம்புட்டு அழகு."

டாக்டரம்மா பின்னாலிருந்து கை தட்டினார். ஸ்டீல் டிரேயைத் தட்டினார். விசில் ஊதினார். வெயிட்டிங்கில் இருந்த நாயெல்லாம் குரைத்தன, இது மேஜை விரிப்பை மோந்துகொண்டிருந்தது.

"ரெண்டு காதும் கேக்கலம்மா. அம்மா என்ன கலர்?"

போட்டோ காட்டினேன்.

"அப்பா?"

அதையும் காட்டினேன். இவர் குரூப்பில் போட்ட அதே ஜோடிப் பொருத்தம்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைத் திட்டினார். என்னை! "ரெண்டு பக்கமும் இந்தப் பளிங்குக் கலர் இருந்தா சேக்கவே கூடாதும்மா. ஒரு பக்கம் இருக்கலாம். ரெண்டும் அதுவா இருந்தா சில குட்டி இப்படி வெள்ளையாப் பொறக்கும், காதோ கண்ணோ போயிரும். யார் சேத்து வச்சது? படிச்சவங்கதான நீங்க?"

சர்ப்ரைஸ் என்று சொல்லவா முடியும். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மற்ற நான்கையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், காதும் கண்ணும் பார்க்க.

அவர் சொன்னது, மறக்காமல் இருக்க:
கைச் சைகையில் பழக்கலாம். நன்றாகவே பழகும்.
தூங்கும்போது திடீரென்று தொடக் கூடாது. முதலில் பக்கத்துத் தரையைத் தட்டு, அதிர்வு தெரியட்டும்.
இருட்டில் டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டுக் கூப்பிடலாம்.
ரோடு, வண்டி நடமாடும் இடம், எந்தக் காலத்திலும் அவிழ்த்துவிடக் கூடாது.

கடைசியைக் கேட்டதும் சமயநல்லூர் கண்முன் வந்தது. மதினி வீட்டு வாசலில் சுவரும் இல்லை, கேட்டும் இல்லை. எம்-சாண்ட் லாரி, சிமென்ட் லாரி, கல் ஏற்றுகிற டாடா ஏஸ், நாள் முழுக்கப் பின்னால் வந்து திரும்புகிற இடம். அந்தப் பக்கம் நாற்கரச் சாலை. அங்கே இந்தக் குட்டி ஒரு வாரம் இருக்குமா?

ஏப்ரல் 18, வெள்ளி

காளவாசல் ஆளுக்குப் போன் போட்டேன். பயந்துபோய் மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்த நான்தான் பைத்தியம்.

"மேடம், எல்லாரும் வெள்ளைதான கேக்குறாங்க? போன ஈத்துலயும் ஒண்ணு இப்பிடித்தான் வந்துச்சு. சென்னைப் பார்ட்டி ஆசையா எடுத்துட்டுப் போனாங்க. இதுவரைக்கும் ஒரு கம்ப்ளைன்ட் இல்ல."

தெரிந்தே செய்கிறான். தெரிந்தே. வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். "டென்ஷன் ஆகாதீங்க மேடம்" என்றான். ஊரில் எல்லாத் தப்பையும் செய்கிறவனுக்கு இந்த ஒரு வார்த்தை கிடைத்துவிட்டது.

இவரிடம் சொன்னேன். டாக்டரம்மா சொன்னது அத்தனையும், ஒன்று விடாமல். டிவியை மியூட் செய்துவிட்டுக் கேட்டார். மரியாதைதான்.

"அக்காகிட்ட இப்ப சொல்லாத."

"ஏங்க?"

"அக்கா தெரு பூராச் சொல்லிருச்சு. எங்கய்யா மாதிரியே எடுத்தேன்னு சொல்லிக்கிட்டுத் திரியுது. நல்ல நாள்ல பாத்து வச்சது. இப்பப் போயி ஊனம்ங்குற. அபசகுனமாப் பேசாத."

"லாரியில அடிபட்டா?"

"நாட்டு நாயெல்லாம் அங்கன சுத்தலையா? பழகிக்கிரும்."

நாட்டு நாய்க்குக் காது கேட்கும். கேட்பதால்தான் உயிரோடு சுற்றுகிறது. இதைச் சொன்னதற்கு "உன்கிட்ட மனுசன் பேச முடியாது" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எப்போதும் இதேதான். பதில் இல்லாத இடத்தில் சட்டை மாட்டுவார்.

அவர் போனதும் மதினிக்கு நானே போன் செய்தேன். நிதானமாகத்தான் ஆரம்பித்தேன்.

"காது கேக்காதா? நான் தட்டப் போட்டுப் பாத்தனே!"

"அதனாலதான் மதினி அது திரும்பல. நீலத்தக் கொண்டுவந்து தாரேன். அதுதான் உங்களுக்கு..."

"ஏ வாசுகி. வெள்ளைய விட மனசில்லேன்னா நேராச் சொல்லிட்டுப் போ. கதை கட்டாத."

வைத்துவிட்டார். என் வாழ்க்கையில் இவர்கள் வீட்டில் ஒரு பொய் சொல்லியிருக்கிறேனா? சொல்லியிருந்தால் இத்தனை வருஷம் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் வெள்ளைக்கு முதல் பாடம். உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினால் உட்கார வேண்டும். முட்டைத் துண்டு லஞ்சம். கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொண்டான். காது கேட்கிற இந்த வீட்டு மனுஷருக்கு ஒரு விஷயம் ஏறக் காலம் முழுக்கப் போதவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

மேகமூட்டம். மழை வரும் என்று ஏமாற்றிவிட்டுப் போனது.

காலையில் நான்கையும் டாக்டரம்மாவிடம் காட்டினேன். காது, கண் எல்லாம் சரி. ஒரு பாரம் இறங்கியது.

மத்தியானம் ஒரு புருஷன் பெண்டாட்டி, கூட ஏழு வயதுப் பெண் குழந்தை. குழந்தையைத் தெருநாய் விரட்டியதிலிருந்து எந்த நாயைப் பார்த்தாலும் அலறுகிறதாம். வீட்டிலேயே ஒன்று வளர்ந்தால் பயம் தெளியுமா என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். அப்பா சிவப்பைக் கை காட்டினார், "நல்லா ஆக்டிவா இருக்கே." ஆக்டிவ்தான். மேலே பாய்ந்தால் உங்கள் பெண் வாசலைத் தாண்டி ஓடும் என்றேன்.

எல்லோரையும் தரையில் உட்காரச் சொன்னேன். யாரும் குட்டியைத் தூக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது, அது அதுவாக வரட்டும். இப்படித்தான் நான் பார்ப்பேன். கேட்க ஆள் இருந்தால் எல்லோருக்கும் சொல்வேன். சிவப்பு அப்பாவின் பெல்ட்டைக் கடித்தான். பச்சை அம்மாவின் கைப்பையை மோந்தான். மஞ்சள் என் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள். குழந்தையும் அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. இரண்டு பேரும் அப்படியே ரொம்ப நேரம். கடைசியில் மஞ்சள் மெல்லப் போய்க் குழந்தையின் பாவாடை ஓரத்தில் படுத்தாள்.

"அம்மா, இதுவும் பயப்படுது" என்றது குழந்தை, ரகசியமாக. அப்புறம் ஒரு விரலால் தொட்டது.

சீவுவது எப்படி என்று காட்டினேன். தினமும் என்றேன். அம்மா சீப்பின் பெயரை எழுதிக்கொண்டார். நல்ல பெண். மஞ்சளை அவர்களோடேயே அனுப்பிவிட்டேன்.

இவர் வந்ததும் குதித்தார். மஞ்சளை ஒரு பெரிய பாலிசிக்காரருக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். அந்த ஆளுக்குத் தோட்டத்தில் சங்கிலி போட்டுக் கட்ட ஒரு நாய் வேண்டுமாம். மஞ்சளைச் சங்கிலியில்!

"எனக்குக் குடுத்த வாக்கு என்னாகுறது?"

"நீங்க குடுத்த வாக்குக்கு நீங்க போய்ச் சங்கிலியில உக்காருங்க."

ஒரு வாரத்தில் இன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

வெள்ளை இல்லை.

டியூட்டியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தேன். காலையில் இவர், பைக் சர்வீஸில் இருக்கிறது, உன் ஸ்கூட்டியைக் கொடு என்றார். கொடுத்தேன். மடச்சி. வீட்டில் மூன்று குட்டிகள். சேமியா வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். வாஷிங் மெஷின் பக்கத்தில் துண்டு மட்டும்.

இவர் போன் ஸ்விட்ச் ஆஃப். மதினி எடுக்கவில்லை. அண்ணன்தான் எடுத்தார்.

"இங்கனதேன் இருக்கு தங்கச்சி. தம்பி கொண்டாந்து விட்டுட்டுப் போயிருச்சு. நல்லாத்தேன் இருக்கு."

"அண்ணே, அதுக்குக் காது கேக்காது. நெசமாச் சொல்றேன். யார்டுல அவுத்து விட்றாதீங்க. கட்டியே வைங்க, நான் நாளைக்கு வாரேன்."

"சரித்தா, சரித்தா." பின்னால் சிமென்ட் கலக்கும் மிக்சர் மெஷின் சத்தம். என்ன கேட்டாரோ, எதற்குச் சரி சொன்னாரோ.

இவர் விளக்கு வைத்த பிறகு வந்தார். பழம், பூவெல்லாம் வாங்கிக்கொண்டு. பூவை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார்.

"போயிருச்சு. முடிஞ்சுபோச்சு. விடு. வழியில மூஞ்சிக்கு முன்னாடி கை தட்டுனேன், திரும்பிப் பாத்துச்சே?"

முகத்துக்கு முன்னால் தட்டினால் கை தெரியும், காற்று படும், எதுதான் திரும்பாது? இதை விளக்கி விளக்கி என் தொண்டை போனதுதான் மிச்சம். எனக்குத் தெரியாமல், என் வண்டியிலேயே, நான் வேலையில் இருக்கும் நேரம் பார்த்து. திருடன்கூட வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போக மாட்டான்.

சமைக்கவில்லை. பூ ஃப்ரிட்ஜ் மேலேயே வாடட்டும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வெயில் இன்றைக்கு மண்டையைப் பிளந்தது. ஆனாலும் எழுதிவிட வேண்டும், எல்லாவற்றையும்.

லேபில் காலைக் கூட்டம், சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் வந்தவர்கள் வரிசை. ஒருவர் கையில் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது மதினி போன். எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன்.

"என்ன நாய் குடுத்துருக்கீக? காலைல இருந்து தொண்ட கிழியக் கூப்புடுறேன், திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. அம்புட்டுத் திமிரு. ரெண்டு போடு போட்டேன், இப்ப கையக் கடிக்க வருது. அவுத்து வெளிய விட்டுட்டேன்."

டியூபில் பெயர் ஒட்டினேன், கையுறையைக் கழற்றினேன், கூட வேலை பார்க்கிற பெண்ணிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். காளவாசல் சிக்னலில் நின்றபோது அந்த ஆள் வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பி நாலு கேட்டுவிட்டுப் போகலாமா என்று கை துடித்தது. போகவில்லை.

சமயநல்லூர். யார்டில் ஹாலோபிளாக் அடுக்கு அடுக்காக நிற்கிறது. மணல் லாரி ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது, ஹார்னை அழுத்திக்கொண்டே. அடுக்கின் நிழலில், லாரியின் பின் சக்கரத்துக்கு நேர் பின்னால், வெள்ளையாக ஒன்று சுருண்டு தூங்குகிறது. சிமென்ட் தூசியோடு தூசியாக.

வண்டியை ஸ்டாண்ட் போட்டேனா, கீழே போட்டேனா, தெரியவில்லை. கத்திக்கொண்டே ஓடினேன். யாருக்குக் கத்தினேன்? டிரைவருக்குத்தான் கேட்க வேண்டும். மெஷின் சத்தத்தில் அவருக்கும் கேட்கவில்லை. லாரிப் பக்கவாட்டைக் கையால் ஓங்கி ஓங்கி அடித்தேன். நின்றது. சக்கரத்துக்கும் குட்டிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. குட்டி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான்.

டிரைவர் இறங்கி வந்தார். பாவம், முகம் வெளிறிவிட்டது. "ஹாரன் அடிச்சுக்கிட்டேதான்க்கா வந்தேன். எந்த நாயா இருந்தாலும் எந்திரிச்சு ஓடிருமே."

மதினி வாசல்படியில் நின்று முழுக்கப் பார்த்துவிட்டார். நான் தரையைத் தட்டினேன், குட்டி கண் விழித்தான், என்னைப் பார்த்ததும் வால் சுழன்றது. முதுகில் விளக்குமாற்றுக் குச்சி பட்ட கோடு.

"இப்பத் தெரியுதா மதினி? நான் கதை கட்டுனனா?"

மதினி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "தம்பிதான்டி சொன்னான். நீ போன் பண்ணுன அன்னைக்கே அவன்கிட்டக் கேட்டேன். 'அவளுக்கு அந்த வெள்ளை மேல ஆசைக்கா, அதான் காது கேக்காதுங்குறா, நீ நம்பாத'ன்னான். கூடப் பொறந்தவன் பொய் சொல்லுவான்னா நெனைப்பேன்?"

அப்படியா. டிவியை மியூட் செய்து, டாக்டரம்மா சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்ட மனுஷர். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய், முதல் வேலையாகப் பெண்டாட்டியைப் பொய்க்காரி ஆக்கியிருக்கிறார். குட்டிக்காகக்கூட இல்லை. அக்காவிடம் முகம் சுருங்காமல் இருக்க.

மதினி எழுந்து வந்து குட்டியைத் தடவினார். அடித்த இடத்தைத் தடவினார்.

"இருந்துட்டுப் போகட்டும் வாசுகி. எனக்குப் பேச்சுத் துணைக்குத்தான கேட்டேன். காது கேக்காட்டி என்ன? காது கேக்குற மனுசன் இந்த வீட்டுல நான் பேசுறதக் கேட்டாரா?"

அண்ணன் மிக்சர் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

மனசு இளகத்தான் செய்தது. பொய் இல்லை. கொடுத்துவிடலாம் என்றுகூட ஒரு நிமிஷம். அப்போது அடுத்த லாரி பின்னால் வர ஆரம்பித்தது.

"தர மாட்டேன் மதினி. சுவர் கிடையாது, கேட்டு கிடையாது. தர மாட்டேன். நீலத்த வந்து எடுத்துக்கங்க."

மதினி கையை எடுத்துக்கொண்டார். முகம் பழையபடி மாறிவிட்டது.

"அப்ப நான் சொன்னது சரிதேன். வெள்ளைய நீதான வச்சுக்கிட்ட."

குட்டியைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கண்ணாடி உடைந்திருக்கிறது, ஸ்கூட்டியைக் கீழேதான் போட்டிருக்கிறேன்.

வீட்டில் இவர். பையைப் பார்த்ததும் எழுந்தார். நான் கேட்டது ஒன்றுதான். "நான் பொய் சொல்றேன்னு உங்க அக்காகிட்டச் சொன்னீங்களா?"

சட்டையைத் தேடினார்.

ஏப்ரல் 24, வியாழன்

லீவு போட்டேன். காலையில் தூறல், தூசி அடங்கும் அளவுக்கு.

சேமியாவுக்குக் குட்டி போடாமல் இருக்க ஆபரேஷன், டாக்டரம்மா தேதி கொடுத்துவிட்டார். உடம்பு தேறியதும். இவரிடம் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. முந்தாநாளிலிருந்து பேச்சே இல்லை. சாப்பாட்டை மேஜையில் வைக்கிறேன், சாப்பிடுகிறார்.

சிவப்பும் பச்சையும் கேட்டவர்களுக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன். இதே ஈத்தில் ஒன்றுக்குக் காது கேட்காது, மற்றவை சரி, வளர்ந்தால் குட்டி போட விடாதீர்கள், தினமும் சீவ வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றுவிட்டார். போகட்டும்.

பதினோரு மணிவாக்கில் மதினி. தனியாக, பஸ்ஸில். இவர் "வாக்கா" என்றார். மதினி தம்பி நிற்கிற பக்கம் திரும்பவே இல்லை. என்னிடமும் ஒரு வார்த்தை கிடையாது. நீலத்தை எடுக்க வந்திருக்கிறார் போலும் என்று நினைத்து அவனைத் தூக்கிக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டார். கண் மட்டும் வெள்ளை மேல்.

காபி கொடுத்தேன். குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு:

"சாப்பிட எப்பிடிக் கூப்புடுவ?"

நானும் பேசவில்லை. இத்தனைக்குப் பிறகு நான் ஏன் பேச வேண்டும். உள்ளங்கையால் தரையைத் தட்டிக் காட்டினேன், அப்புறம் விரல்களை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினேன். மதினி தட்டினார். வளையல் சத்தம். வெள்ளை தலையைத் தூக்கிப் பார்த்தான், அடித்த கை என்று தெரிந்திருக்கும், கொஞ்சம் தயங்கினான். மறுபடி தட்டினார். வந்தான். பிஸ்கட்டை வாங்கிக்கொண்டான். மதினி குனிந்து அவனிடம் என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தார், பையன்கள் போன் செய்யாதது, முட்டி வலி, மிக்சர் மெஷின் சத்தம். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நீலத்தைக் கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் இவர் ஸ்டாப் வரைக்கும் கொண்டுவந்து விடுவதாக வண்டிச் சாவியோடு நின்றார். மதினி பார்க்காமல் தாண்டிப் போனார். படியிறங்கியவர் திரும்பி வந்து, என் காலடியில் உட்கார்ந்திருந்த வெள்ளையின் முகத்தைப் பிடித்து "போயிட்டு வாரேன்டா" என்று சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.